பத்துக் கோர் இருந்தும் பாட்டு ஏன் வெட்டுகிறது?

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்ய இப்போது கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு வீட்டின் பின்னறை, ஒரு லப்டொப், ஒரு மைக், ஒரு கீபோர்ட், எதிரொலியை அடக்கச் சுவரில் கட்டிய தடித்த போர்வை. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் பாடகர் குழு பாடப்போகும் புதிய பாட்டை அங்கேயே செய்து முடித்துவிடலாம். எருக்கலம்பிட்டியில் நோன்புப் பெருநாளுக்கு ஒரு கீதம் வேண்டுமா, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கு ஒரு பக்திப் பாடல் வேண்டுமா, இதே அளவு சாமான் போதும்.

இந்த அறைகளில் எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பாட்டு வளர வளர, வயலின் சேர்த்து, கோரஸ் சேர்த்து, குரலுக்கு ரிவேர்ப் போட்டு வரும்போது, ஒரு கட்டத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வெட்டத் தொடங்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் முழுதாக நின்றுவிடும். கணனிக்கு வலு போதாது என்று முடிவு கட்டி, கடன்பட்டாவது புதியது வாங்குகிறார்கள். கடைக்காரர் ‘பத்துக் கோர்’ என்று சொல்லியிருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து அதே பாட்டைத் திறந்தால், பல வேளைகளில் அதே இடத்தில் அதே வெட்டு.

இசை மென்பொருளுக்குப் பல கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பல கூறுகள், உள்ள செயலியால் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்தப் பயன் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பாட்டின் அமைப்புத்தான் தீர்மானிக்கிறது. கடைப் பலகையில் எழுதிய எண்ணிக்கை அதைச் சொல்லாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டிய நாடு இது. வெளியிலிருந்து வரும் ஒரு லப்டொப்பின் விலை அதோடு எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். தேவையில்லாத கோருக்குக் கொடுக்கும் காசு ஒரு நல்ல மைக்குக்குப் போயிருக்க வேண்டிய காசு. அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கணனி ஒலியை இடைவிடாத ஓட்டமாகக் கையாள்வதில்லை, துண்டு துண்டாகவே கணக்கிட்டு அனுப்புகிறது. ஒரு வினாடி ஒலி 48,000 மாதிரிகளாக வெட்டப்பட்டிருக்கிறது என்று வைப்போம். மென்பொருள் அவற்றில் 256 மாதிரிகளை ஒரு கட்டாக எடுத்து, எல்லாத் தடங்களையும் கணக்கிட்டு, கலந்து, ஒலி அட்டையிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டைத்தான் பஃபர் என்கிறோம். 256 மாதிரி என்பது ஏறத்தாழ 5.3 மில்லிவினாடி. முதல் கட்டு ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த 5.3 மில்லிவினாடிக்குள் அடுத்த கட்டு ஆயத்தமாகிவிட வேண்டும். 5.4 ஆனால் ஒலி அட்டைக்குக் கொடுக்க ஒன்றும் இராது. அந்த வெறுமைதான் ‘டிக்’ என்று கேட்கிறது. கடிதம் தட்டச்சும் மென்பொருளுக்கோ படம் திருத்தும் மென்பொருளுக்கோ இந்தக் கெடு இல்லை, அரை வினாடி பிந்தினாலும் யாரும் கவனிப்பதில்லை. இசை மென்பொருளுக்கு வினாடிக்கு 187 தடவை கெடு வருகிறது. ஒன்றைத் தவறவிட்டாலும் காது பிடித்துவிடும்.

தாழ்வுபாட்டுக் கரையில் காலையில் வள்ளங்கள் வந்து சேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போகும் கூலர் லொறி குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். ஒவ்வொரு வள்ளத்து மீனையும் தரம் பிரித்து, நிறுத்து, ஐஸ் போட்டு, றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, லொறிக்குக் கொண்டுவர வேண்டும். ஆறு வள்ளத்து மீனுக்கு ஒரே ஒருவர் நின்றால் லொறி போய்விடும். ஆறு பேர் நின்றால் ஆளுக்கொரு வள்ளமாகப் பிரித்துக் கெதியாக முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரே வள்ளத்தில் மட்டும் மற்றவற்றைவிட நாலு மடங்கு மீன் வந்திருக்கிறது, அதை ஒருவர்தான் பார்க்கிறார் என்றால், மற்ற ஐவரும் வேலையை முடித்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதுதான். நிறுக்காத மீனுக்கு ஐஸ் போட முடியாது, ஐஸ் போடாததைப் பெட்டியில் அடைக்க முடியாது. எல்லாப் பெட்டிகளும் கடைசியில் லொறியின் ஒரே கதவுக்குத்தான் வரவேண்டும். அங்கே கணக்கெழுதி ஏற்றுபவர் ஒருவர்தான். இன்னும் இருபது பேரைக் கூட்டிவந்தாலும் அந்தக் கதவடியில் நேரம் குறையாது.

இசை மென்பொருளில் வள்ளம் என்பது ஒரு தடம். ஆள் என்பது ஒரு கோர். பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு தடத்தையும் அதில் அடுக்கிய ப்ளக்-இன்கள் என்ற துணை மென்பொருள்களையும் சேர்த்து ஒரு கோரிடம் ஒப்படைக்கின்றன. குரலுக்கு முதலில் இரைச்சல் நீக்கி, பிறகு சுருதி திருத்தி, பிறகு ஈக்யூ, பிறகு கம்ப்ரெஸர், பிறகு ரிவேர்ப் போட்டிருந்தால், முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. நாலு கோருக்கு அந்த வேலையைப் பங்குபோட வழியில்லை. லொறிக் கதவு என்பது மாஸ்டர் தடம். எல்லாத் தடங்களும் வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே வேலை தொடங்கும். அங்கே ஒரு கனமான லிமிட்டரையும் இன்னும் இரண்டு மெருகூட்டும் ப்ளக்-இன்களையும் போட்டு வைத்திருந்தால், அவ்வளவும் ஒரே கோரின் தலையில்.

எண் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். கணக்குக்காக ஒரு பாட்டை எடுப்போம். சாதாரணத் தடங்கள் 24, ஒவ்வொன்றுக்கும் 0.2 மில்லிவினாடி. நிறைய ப்ளக்-இன் ஏற்றிய முதன்மைக் குரல் தடத்துக்கு 1.5 மில்லிவினாடி. எல்லாம் சேர்ந்த பிறகு குழுத் தடத்துக்கும் மாஸ்டருக்குமாக 1.4 மில்லிவினாடி. கெடு 5.3. ஒரே கோர் என்றால் மொத்தம் 7.7 மில்லிவினாடி, பாட்டு ஓடாது. இரண்டு கோர் என்றால் தடங்களைப் பங்குபோட்டு 3.2, அதோடு 1.4 சேர்த்து 4.6. நெருக்கம்தான், ஆனால் ஓடும். நாலு கோர் என்றால் 3.0. எட்டுக் கோர் என்றால் 2.9. பதினாறு கோர் என்றாலும் அதே 2.9. நாலிலிருந்து எட்டுக்குப் போனபோது கிடைத்தது 0.1 மில்லிவினாடி. எட்டிலிருந்து பதினாறுக்குப் போனபோது கிடைத்தது ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அந்த ஒற்றைக் குரல் தடத்தின் 1.5 மில்லிவினாடிக்காக எல்லோரும் காத்து நிற்கிறார்கள். கணனித்துறையில் இந்த எல்லையை 1967இல் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் எடுத்துக்காட்டினார். வேலையில் பிரிக்க முடியாத பகுதி கால்பங்கு இருந்தால், எத்தனை செயலி வைத்தாலும் வேகம் நாலு மடங்கைத் தாண்டாது என்பது அவருடைய கணக்கிலிருந்து வரும் முடிவு.

அதே பாட்டில் குரல் தடத்தின் சுமையைக் குறைத்தால், எட்டுக் கோர் உள்ள கணனியில் உடனே பலன் தெரியும். முப்பது வாத்தியத் தடங்கள் கொண்ட ஒரு பெரிய பின்னணி இசை, ஒவ்வொன்றும் நடுத்தரச் சுமை, மாஸ்டரில் ஒன்றுமில்லை என்றால், கோர் கூடக் கூட வேகமும் கூடும். ஆகவே ‘பல கோர் வீண்’ என்று சொல்வதும் தவறு. அகலமான பாட்டுக்குக் கோர் எண்ணிக்கை உதவுகிறது, ஆழமான பாட்டுக்கு ஒரு கோரின் வேகம் உதவுகிறது. ஒரு தடத்துக்குள்ளேயே வேலையைப் பங்குபோடும் வாத்தியங்களும் சில உண்டு. யூ-ஹி நிறுவனத்தின் டிவா என்ற சின்தசைசரில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் அழுத்திய பல சுரங்களை அது வெவ்வேறு கோர்களுக்கு அனுப்பும். அப்படியானவை குறைவு என்பதால் பொதுவிதி மாறவில்லை.

இனி, எனக்குத் தெரிந்து மிக அதிகமானோரைக் குழப்பும் விடயம். பாட்டு வெட்டும்போது விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்க்கிறார்கள். செயலி 30 வீதம் என்று காட்டுகிறது. ‘எழுபது வீதம் சும்மா கிடக்கிறதே, பிறகென்ன?’ என்று மென்பொருளைத் திட்டுகிறார்கள். அந்த 30 வீதம் இரண்டு வகையில் சராசரி. எல்லாக் கோர்களையும் கூட்டிப் பிரித்த சராசரி ஒன்று. எட்டில் ஒரு கோர் முழுதாக நிறைந்து, மற்ற ஏழும் 20 வீதத்தில் நின்றாலும் அது 30 என்றுதான் காட்டும். அடுத்தது நேரச் சராசரி. டாஸ்க் மனேஜர் ஒரு வினாடியளவில் நடந்ததைக் கூட்டிச் சொல்கிறது. அந்த ஒரு வினாடிக்குள் 187 கெடுக்கள் வந்துபோய்விட்டன. அவற்றில் 186ஐச் சுலபமாகச் சந்தித்து ஒன்றில் மட்டும் பிந்தியிருந்தாலும் காதுக்கு வெட்டு, சராசரிக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கியூபேஸ், ரீப்பர், எஃப்.எல். ஸ்ரூடியோ போன்ற மென்பொருள்கள் தங்களுக்குள்ளேயே வேறொரு மானியை வைத்திருக்கின்றன. கியூபேஸின் மானி, கொடுத்த கெடுவில் எவ்வளவு செலவாகிவிட்டது என்பதைக் காட்டும். ரீப்பரின் மானியில் எந்தத் தடம் எவ்வளவு எடுக்கிறது என்பதைத் தனித்தனியாகவே பார்க்கலாம். அதைத் திறந்து, பட்டியலில் மேலே நிற்கும் தடத்தைப் பாருங்கள். புதிய கணனி வாங்குவதா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கும்.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1989இல் ஸ்டைன்பேர்க் நிறுவனம் அட்டாரி எஸ்.ரி. கணனிக்குக் கியூபேஸை வெளியிட்டபோது, அந்தக் கணனியின் செயலி 8 மெகாஹேர்ட்ஸ்தான். அது போதுமாக இருந்தது, ஏனென்றால் கணனி ஒலியை உண்டாக்கவில்லை. எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் அனுப்பியது. ஒலியை உண்டாக்கியது வெளியே இருந்த கீபோர்டும் சாம்ப்ளரும், ரிவேர்ப் போட்டது இன்னொரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சிப். பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பல செயலிகள் அருகருகே வேலை செய்துகொண்டுதான் இருந்தன. 1996இல் அதே ஸ்டைன்பேர்க் வி.எஸ்.ரி. என்ற முறையைக் கொண்டுவந்து, ரிவேர்ப் பெட்டிகளைக் கணனிக்குள் இழுத்தது. 1999இல் வாத்தியங்களும் உள்ளே வந்தன. அவ்வளவு பெட்டிகளின் வேலையும் ஒரே செயலியின் மீது விழுந்தது.

அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1993இல் 60 மெகாஹேர்ட்ஸில் தொடங்கிய பென்டியம் 2004 இறுதியில் 3.8 கிகாஹேர்ட்ஸை எட்டியது. பதினொரு ஆண்டில் அறுபது மடங்குக்கு மேல். பாட்டு வெட்டினால் அடுத்த ஆண்டு வரை பொறுத்தால் போதும் என்ற காலம் அது. பிறகு வெப்பம் குறுக்கே வந்தது. வேகத்தைக் கூட்டினால் சிப் சூட்டைத் தாங்காது என்று இன்டெல் 4 கிகாஹேர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டு, 2005இல் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்து விற்கத் தொடங்கியது. ஏ.எம்.டி.யும் அதே ஆண்டு அதே வழியில் வந்தது. இன்டெல் 2024இல் வெளியிட்ட மிக வேகமான மேசைக்கணனிச் செயலியும் 6.2 கிகாஹேர்ட்ஸ்தான். இருபது ஆண்டில் எண்ணளவில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒரு சுற்றில் முடிக்கும் வேலை கூடியிருக்கிறது என்பதால் ஒற்றைக் கோரின் உண்மையான வலு அதைவிட நன்றாகவே வளர்ந்திருக்கிறது. என்றாலும், மீதி வளர்ச்சியைச் செயலி நிறுவனங்கள் கோர்களாகத்தான் தருகின்றன, அதைப் பயன்படுத்தும் பொறுப்பு மென்பொருள் எழுதுபவர்களுடையது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. பாட்டில் ஏற்கெனவே பதிந்து முடித்த தடங்களுக்கு அவசரமில்லை, அடுத்த அரை வினாடியில் என்ன ஒலிக்கப்போகிறது என்பது முன்னமே தெரியும். அதனால் ரீப்பர் அவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. கியூபேஸில் 2012 முதல் அஸியோ-கார்ட் என்ற பெயரில் இதையே செய்கிறார்கள். முன்கூட்டிச் செய்யும்போது கெடு தளர்கிறது, கோர்களுக்குப் பங்குபோடவும் வசதியாகிறது. இதற்கு ஒரே விலக்கு, அந்த நொடியில் ஒருவர் பாடிக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருக்கும் தடம். இன்னும் பாடாததை முன்கூட்டிக் கணக்கிட முடியாது. அது மட்டும் குறைந்த பஃபரில், உடனுக்குடன், ஒரு கோரில் ஓட வேண்டும்.

பாடகர் குழுவை வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு இது நேரே பொருந்துகிறது. பாடுபவர் தன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுகிறார். குரல் மைக்கில் நுழைந்து கணனி வழியாகத் திரும்பி வர 20, 25 மில்லிவினாடி ஆகிவிட்டால், தன் வாயும் தன் காதும் ஒட்டவில்லை என்ற உணர்வில் தாளம் இழுபடும். அதனால் பஃபரை 128க்கோ 64க்கோ இறக்குகிறோம். 64 என்றால் கெடு 1.3 மில்லிவினாடி. இந்தக் குறுகிய கெடுவில், கோர்களை எழுப்பி, வேலையைப் பங்கிட்டு, முடிந்ததா என்று பார்த்துத் திரட்டும் செலவே ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். பல கோரின் பயன் மிகவும் குறைவது இங்கேதான். கோர் கூடியதே தொந்தரவானதும் உண்டு: விண்டோஸ் 10 வந்த பிறகு, 14க்கு மேற்பட்ட தருக்கக் கோர்கள் (விண்டோஸ் எண்ணிக் காட்டும் கோர்கள்) உள்ள கணனிகளில் ஒலி வெட்டுவதாக ஸ்டைன்பேர்க் நிறுவனமே அறிவித்து, அதற்கு மாற்றுவழி கொடுக்க வேண்டியிருந்தது. பதிவு நேரத்தில் குரல் தடத்திலும் மாஸ்டரிலும் இருக்கும் கனமான ப்ளக்-இன்களை அணைத்துவிட்டு, பஃபரை இறக்கிப் பாடவையுங்கள். பதிவு முடிந்ததும் பஃபரை 1024க்கு ஏற்றிவிட்டு நிதானமாகக் கலவை செய்யலாம். பழைய கணனியிலும் இது சாத்தியம்.

கடையில் சொல்லும் ‘பத்துக் கோர்’ என்ன பத்து என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 2022 முதல் லப்டொப்களில் பரவலாக வந்த இன்டெல் கோர் ஐ5-1235யூ என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். பத்துக் கோர் என்பது உண்மை. அவற்றில் வேகமானவை இரண்டு. மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சின்னக் கோர்கள். அந்த இரண்டு வேகக் கோரும் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்ப்பதால், விண்டோஸ் மொத்தம் பன்னிரண்டு என்று காட்டும். கனமான குரல் தடம் ஒரு சின்னக் கோரில் போய் விழுந்தால், பன்னிரண்டு என்ற எண் கைகொடுக்காது. ஆப்பிளின் எம்1 செயலி 2020 நவம்பரில் எட்டுக் கோரோடு வந்தது, அதில் வேகமானவை நாலு. ஆகவே ‘எத்தனை கோர்?’ என்று கேட்டுவிட்டு நிற்காமல், ‘வேகக் கோர் எத்தனை?’ என்றும் கேளுங்கள். செயலியின் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடினால் விடை கிடைக்கும். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘யூ’ என்ற எழுத்து குறைந்த மின்சாரத்துக்காக அமைத்தது என்பதைச் சொல்கிறது, ‘எச்’ என்றால் கூடிய வலு.

அந்த வலுவுக்கும் மன்னாரின் வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லப்டொப்பின் எல்லாக் கோரும் ஒன்றாக ஓடினால் சூடு ஏறும். சூடு ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதிவு நேரத்தில் இரைச்சல் வரக்கூடாதென்று யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திய ஏப்ரல் மாதத்து அறை ஒன்றில், விளம்பரத்தில் சொன்ன உச்ச வேகம் சில நிமிடம்கூட நிற்பது கடினம். காலையில் ஓடிய பாட்டு மத்தியானம் வெட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கணனியின் சொந்த விசிறி இரைவது மைக்கிலும் விழும். கடற்காற்றின் உப்பும் தூசியும் அந்த விசிறியில் படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதைத் திறந்து துடைத்தெடுப்பது காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகம். அதேபோல, மின்சாரம் போய் பற்றரியில் ஓடும்போது லப்டொப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

கோர் கூடினால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வீடியோ வேலையிலிருந்து என்று நினைக்கிறேன். கலியாண வீடியோவும் திருவிழாப் பாட்டும் ஒரே அறையில், ஒரே கணனியில், ஒரே ஆளின் கையால் நடப்பது சாதாரணம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பும் வீடியோவைக் கணனி வடித்தெடுக்கும்போது கெடு என்று ஒன்றில்லை. காட்சிகளைக் கூறுபோட்டு எல்லாக் கோருக்கும் கொடுக்கலாம், அதனால் எட்டுக் கோர் அங்கே உண்மையாகவே நாலைவிடக் கெதியாக முடிக்கும். அந்த அனுபவத்தை இசைக்கும் அப்படியே பொருத்துகிறோம். இரண்டு வேலையையும் ஒரே கணனியில் செய்பவருக்கு எட்டுக் கோர் நியாயமான செலவு. இசை மட்டும் செய்பவர், வேகமான ஆறு கோரோடு நிறுத்திக்கொண்டு, மீதிக் காசை 16 ஜிபி நினைவகத்துக்கும் ஒரு எஸ்.எஸ்.டி.க்கும் தாமதத்தைக் குறைக்கும் ஒழுங்கான அஸியோ ட்ரைவர் உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸுக்கும் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. விண்டோஸ் லப்டொப்போடு வரும் ஒலி அட்டையில் 64 மாதிரி பஃபர் ஓட்டுவது பெரும்பாலும் கடினம், எத்தனை கோர் வாங்கினாலும் அது மாறாது.

வாங்குவதற்கு முன் செய்துபார்க்கக்கூடியவையும் உண்டு. எல்லாக் கோரஸ் தடத்திலும் தனித்தனி ரிவேர்ப் போடாமல், ஒரே ரிவேர்ப்பைத் தனித் தடத்தில் வைத்து எல்லாவற்றையும் அங்கே அனுப்பலாம். முடிந்துபோன வயலின் தடத்தை ஃப்ரீஸ் செய்தால், அது வெறும் ஒலிக்கோப்பாக மாறிச் செயலிக்குச் சுமையே கொடுக்காது. எஃப்.எல். ஸ்ரூடியோவில் வேலை செய்பவர்கள், பல கோருக்குப் பங்குபோடும் தெரிவுகள் ஓடியோ அமைப்புகளில் போட்டிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். நல்ல யமஹா கீபோர்ட் ஒன்று வீட்டில் இருந்தால், அதன் ஒலியைக் கேபிளால் நேரே பதிந்துகொள்ளுங்கள். ஒலியை உண்டாக்கும் வேலையைக் கீபோர்டின் சிப் பார்த்துக்கொள்ளும், கணனிக்குப் பதிவது மட்டும்தான்.

இந்தக் கடைசி விடயத்தை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. செயலியைத் தின்பவை மென்பொருள் வாத்தியங்களும் ப்ளக்-இன்களும்தான். மைக்கில் வரும் ஒலியை அப்படியே பதிவதற்குச் செயலியின் வலு ஏறத்தாழத் தேவையே இல்லை. மன்னாரின் கூத்து மரபில் மாதோட்டப் பாங்கும் யாழ்ப்பாணப் பாங்கும் என்று இரண்டு வழி இருக்கின்றன. வாசாப்பு என்ற நாடக வடிவமும் இருக்கிறது. அவற்றின் மெட்டுகளை ஏட்டில் எழுதியிருப்பதைக்கொண்டு மட்டும் பாடிவிட முடியாது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் தொண்டையில்தான் அவை இருக்கின்றன. அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. ‘நல்ல கணனி வரட்டும், ஒழுங்காகப் பதிவோம்’ என்று இந்த வேலையைத் தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எட்டு மைக் வைத்து ஒரு கூத்தைப் பதிவதாகக் கணக்குப் போடுவோம். அண்ணாவியாருக்கு ஒன்று, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு, தாளத்துக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு, ஆடுவோர் குரலுக்கு மேடை முன்னே இரண்டு. 48,000 மாதிரி, 24 பிட். எட்டுத் தடமும் சேர்ந்து வினாடிக்கு 1.15 மெகாபைட். பழைய வட்டுத் தட்டுக் கணனிகூட அதைப்போல் பல பத்து மடங்கு வேகத்தில் எழுதும். மணிக்கு 4.1 ஜிகாபைட், விடிய விடிய எட்டு மணி நேரம் ஆடினாலும் ஏறத்தாழ 33 ஜிகாபைட்தான். பத்து ஆண்டுக்கு முந்திய, இரண்டே கோர் உள்ள ஒரு லப்டொப், எட்டு உள்ளீடு உள்ள ஒரு இன்டர்ஃபேஸ், 60 நாள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் ரீப்பர். தடங்களில் ஒரு ப்ளக்-இன்னும் வேண்டாம், பஃபரை 1024இல் வையுங்கள், கூத்தில் யாரும் ஹெட்போன் போட்டுப் பாடப்போவதில்லை. வைஃபையை அணைத்து, சார்ஜரைக் குத்தி, மின்சாரம் போனால் தாங்கும் அளவுக்குப் பற்றரி இருக்கிறதா என்று முதலே பார்த்து, மணிக்கொரு தடவை பதிவை நிறுத்தி, இடைவேளையில் கோப்பை இன்னொரு வட்டில் நகலெடுத்துக்கொண்டே போகலாம். கலவை செய்வதை அடுத்த ஆண்டு, வேறொருவரின் பதினாறு கோர் கணனியில் வைத்துக்கொள்ளலாம்.